அடைக்கோழியும் அயலூர் முட்டையும்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டுத் தென்னக்கும்புறையில் மகாவலி கங்கையைக் கடப்பவர் தும்பறைப் பள்ளத்தாக்கினுள் புகுகின்றார். அவ்வழியிலே குண்டசாலையும் பல்லேகலவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் ‘குண்டசாலை மன்னன்’ என்றே மக்களால் அழைக்கப்பட்டான். பல்லேகலவோ இந்நாளில் துடுப்பாட்டத்தால் பெயர் பெற்றது. 2011 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிகளுட் சில அங்கே நடைபெற்றன. அரசமாளிகை அழிந்தது, விளையாட்டரங்கு எழுந்தது. ஆயினும் அம்மாற்றங்கள் யாவற்றுக்கும் சாட்சியாக அப்பள்ளத்தாக்கின் விடியற்பொழுதை அறிவித்து வந்த குரல் ஒன்று உண்டு. அது சேவலின் குரல். அந்தச் சேவல் எங்கிருந்து வந்தது, யார் கையால் வளர்ந்தது, இன்று அதன் நிலை யாது என்பன, அரசர்களின் வரலாற்றைப் போலவே ஆராயத் தக்க செய்திகளாம்.

இலங்கைத் தீவின் காடுகளில் வாழும் காட்டுக்கோழி உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத இனம். சிங்கள மக்கள் அதனை ‘வளி குகுளா’ என்பர். நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. சேவலின் செங்கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் படர்ந்திருப்பது அதன் தனி அடையாளம். 1831 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசன், தம் நாட்டின் புகழ்பெற்ற வீரர் லபாயெத் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். இலங்கையைக் கண்டிராத ஒரு போர்வீரரின் பெயரை இலங்கைக் காட்டுக்கோழி தாங்கி நிற்பது வியப்புக்குரியதே.

காட்டில் கோழி வாழும் நாட்டிலே வீட்டுக்கோழியும் அதன் வழித்தோன்றலாகவே இருக்கவேண்டும் என எண்ணுவது இயல்பு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இவ்வையம் அறிஞரிடையேயும் எழுந்தது. சார்ள்ஸ் டார்வின் வீட்டுப் பறவைகளின் தோற்றத்தை ஆராய்ந்தபோது, உலகெங்குமுள்ள அன்பர்களுக்குக் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். இலங்கையில் பணியாற்றிய லேயார்ட் என்பாரும், இலங்கையிலே பிறந்த மருத்துவரான கெலார்ட் என்பாரும் அவருக்குத் தகவல் தந்தோருள் அடங்குவர். உருவத்தை மட்டும் நோக்கின் இலங்கைக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை எனத் தாம் கருதியிருக்கக்கூடும் என்றும், குரல் முற்றும் வேறாக இருப்பதனாலேயே அவ்வாறு கருதத் தயங்குவதாகவும் அவ்விருவரும் அறிவித்தனர். இக்காட்டுச் சேவல் தனித்த பண்ணைகளை நாடிவந்து வீட்டுப் பேடுகளோடு கூடுவதுண்டு என்பதும், அவ்வாறு பிறந்த கலப்புப் பறவைகள் இரண்டு மலடாக இருந்தன என்பதும் 1868 ஆம் ஆண்டில் வெளிவந்த டார்வினின் நூலில் இடம்பெற்றுள்ளன. தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியே எல்லா வீட்டுக்கோழிகளுக்கும் மூலம் என அவர் முடிவு செய்தார்.

அம்முடிவு பெரும்பாலும் சரியானதே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையின் ஊர்க்கோழிகளையும் காட்டுக்கோழிகளையும் தாய்வழி மரபணுக்களைக் கொண்டு ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறு கிளைகளே என உறுதி செய்தது. 2020 ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தோர், வீட்டுக்கோழியின் பிறப்பிடம் தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகியவற்றை உள்ளடக்கிய நிலப்பகுதி என்றனர். ஆயினும் மூலம் ஒன்றே எனினும் கலப்பு அறவே இல்லையெனக் கூறுவதற்கில்லை. வீட்டுக்கோழிகள் பலவற்றின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பது 2008 ஆம் ஆண்டில் புலனாயிற்று. டார்வின் அறிந்திருக்க வழியில்லாத செய்தி இது.

காட்டுப் பறவை வீட்டுப் பறவையானது எவ்வாறு? 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் தொல்லிடத்தில் கிடைத்த எலும்புகளே ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக்கோழியுடையவை எனக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை என்றும், அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும் கூறுகின்றது. நெல்லும் தினையும் விளைந்த நிலத்தின் சிந்திய மணிகளைத் தேடிக் காட்டுக்கோழி மனிதரை அண்டிற்று என்பது அவ்வாய்வாளர் கருத்து. ஆகவே மனிதன் கோழியைப் பிடித்து வந்தான் என்பதினும், மனிதனின் களத்துமேட்டைக் கோழி தேடி வந்தது என்பதே பொருத்தமாகும்.

தமிழர் வாழ்வில் கோழி பெற்ற இடம் பெரிது. முருகன் கொடியிற் சேவலைக் கண்டது தமிழகம். சோழரின் பழைய தலைநகரான உறையூர், யானையை எதிர்த்துப் பொருத சேவல் ஒன்றின் கதையால் ‘கோழி’ என்றே பெயர் பெற்றது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரில் மாண்ட சேவலுக்கு எடுக்கப்பட்ட பழைய நடுகல் ஒன்று எழுத்துப் பொறிப்புடன் இன்றும் உள்ளது. வீரனுக்குக் கல் நாட்டிய மரபினர் சேவலுக்கும் கல் நாட்டினர் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஊரும் சேரியும் தம் சேவலைத் தம் பெயரோடு சேர்த்து மதித்த காலம் அது.

கண்டி அரசிலும் கோழி எளியோரின் செல்வமாய் விளங்கிற்று. 1660 ஆம் ஆண்டு முதல் 1679 வரை கண்டியரசின் எல்லைக்குள் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் பிழைத்த வகையை 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விவரிக்கின்றார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும், பன்றியும் கோழியும் வளர்த்தும் அவர் காலம் கழித்தார். கையில் முதலில்லாத சிறையாளன் ஒருவனும் தொடங்கத்தக்க தொழிலாகக் கோழி வளர்ப்பு அன்றிருந்தது. அதற்குக் காரணம் தெளிவு. ஊர்க்கோழிக்கு விலை கொடுத்துத் தீன் வாங்க வேண்டியதில்லை. வீட்டு முற்றத்திற் சிந்திய குருணலும், குப்பையிற் கிளறிய புழுவும், குரக்கன் சேனையில் உதிர்ந்த மணியும் அதற்குப் போதும். இரவிலே மரக்கிளையில் ஏறி உறங்கும். பருந்தின் நிழல் விழுந்தால் தாய் எழுப்பும் ஒலியைக் கேட்டுக் குஞ்சுகள் சிறகினுள் ஒடுங்கும்.

ஊர்க்கோழிகள் யாவும் ஒரே வடிவினவல்ல. கழுத்தில் இறகில்லாதவை உண்டு. சுருண்ட இறகுடையவை உண்டு. தலையிற் குடுமி உடையவையும், கால் நீண்டவையும் உண்டு. கழுத்தில் இறகின்மை அழகுக் குறைவு எனச் சிலர் நகைப்பர். ஆனால் உடலின் வெப்பம் எளிதில் வெளியேற அதுவே துணைசெய்கிறது என்பதை விலங்கியலார் கண்டுள்ளனர். வெப்ப நாட்டின் வாழ்க்கை அப்பறவையின் உடலிலேயே எழுதியுள்ள பாடம் அது.

இவ்வூர்க்கோழியின் தலையாய பண்பு அடைகாக்கும் இயல்பு. ஒரு ஈடு முட்டையிட்டு முடிந்தவுடன் பேடு இரையையும் மறந்து கூட்டிலே அமர்ந்துவிடும். இவ்வியல்புக்குப் புரொலக்டின் என்னும் உடற்சுரப்பு காரணம் என இன்று அறிகிறோம். சுரப்பின் பெயரை அறியாத நம் பாட்டிமார் அதன் செயலை நன்கு அறிந்திருந்தனர். வாயகன்ற சட்டியிலோ கூடையிலோ வைக்கோல் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைப்பர். இடியோசையால் முட்டை கூழாகிவிடும் என்று அஞ்சி இரும்புத் துண்டும் கரியும் உடன் வைப்பர். இடிக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பை அறிவியல் ஏற்காது. எனினும், முட்டையை அதிர்ச்சியிலிருந்து காக்க வேண்டும் என்னும் கவலை பொருளற்றதன்று. அதிர்ச்சியால் முட்டையின் உட்பகுதி குலையக்கூடும் என்பது முட்டையைத் தொலைதூரம் அனுப்பியோர் கண்ட உண்மை.

முட்டை ஊர்விட்டு ஊர் பயணம் செய்யத் தொடங்கிய வரலாறு சுவையானது. 1840களில் சீனத்திலிருந்து இங்கிலாந்து சென்ற பெரிய உருவக் கோழிகள் அந்நாட்டாரை மயக்கின. விக்டோரியா அரசியார் அவற்றைத் தம் மாளிகையில் வளர்த்தார். 1849 ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரிலே பெருங் கோழிக் கண்காட்சி நடந்தது. அதன் பின் சில ஆண்டுகள் கோழி வாங்குவதும் விற்பதும் ஒரு காய்ச்சல் போலப் பரவிற்று. பிரமபுத்திரா ஆற்றின் பெயரிலிருந்து ‘பிரமா’ எனப் பெயர்பெற்ற இனம் அக்காலத்தில் உருவாயிற்று. 1852 ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் பேர்ண்ஹாம் அவ்வகைக் கோழிகள் ஒன்பதை அரசியாருக்குப் பரிசாக அனுப்பினார். ஆசியாவில் தோன்றிய கோழி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இனங்களாகப் பிரிக்கப்பட்டு, பெயரும் இலக்கணமும் எழுதப்பட்டு, மீண்டும் ஆசியாவுக்கு விற்பனைப் பொருளாகத் திரும்பிற்று.

அத்திரும்பு பயணத்துக்கு ஒரு தடையிருந்தது. கருவுற்ற முட்டை நெடுங்காலம் காத்திராது. குளிர்ந்த இடத்தில் வைத்தாலும் ஏழு நாளுக்குள் அடைவைப்பதே நன்று. பத்து நாள் கடந்தபின் பொரிக்கும் வீதம் விரைந்து குறையும். 1869 ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னரும், நீராவிக் கப்பல் இலண்டனிலிருந்து கொழும்பை அடைய ஏறத்தாழ மூன்று வாரம் சென்றது. முட்டைக்குள்ளே குஞ்சு உருவாவதற்கு வேண்டிய நாளும் இருபத்தொன்றே. ஆகவே கப்பலில் வந்தவை முட்டைகளல்ல. கூண்டில் அடைத்த சேவலும் பேடுமே. அவற்றைத் தருவிக்கச் செல்வர்க்கே இயன்றது. தோட்டத்துரைமாரின் பங்களா முற்றங்களில் அயல்நாட்டுக் கோழி உலவியபோது, தோட்டத் தொழிலாளியின் லயத்து வாசலில் ஊர்க்கோழியே மேய்ந்தது.

உள்நாட்டிலோ நிலை வேறு. 1867 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. ஒரே நாளிற் கடக்கத்தக்க தொலைவில் முட்டைக் கூடை அச்சமின்றிச் செல்லலாம். உமியிலோ மரத்தூளிலோ பொதிந்து, கூர்முனை கீழாகவும் அகன்ற முனை மேலாகவும் அடுக்க வேண்டும். முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறையே குஞ்சின் முதல் மூச்சுக்கு இடம். வந்து சேர்ந்த முட்டையை உடனே அடைவைத்தலாகாது. ஓரிரவேனும் அசையாமல் வைத்துக் காற்றறை தன்னிலை அடைய விட வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கருவுற்ற முட்டையில் சிலந்திவலை போன்ற செந்நரம்புகள் தோன்றும்; கருவற்றது தெளிந்தே கிடக்கும். பொறியில் அடைவைப்போர் 37.5 பாகை செல்சியசு வெப்பத்தைக் காத்து, பதினெட்டாம் நாள்வரை முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். அடைக்கோழி இவையனைத்தையும் வெப்பமானி இன்றியே செய்கிறது. எகிப்து நாட்டார் பழங்காலந்தொட்டே அடுப்புக் கட்டி ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தனர். அவர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே வெப்பத்தை அளந்தனர். அக்கலையை ஐரோப்பாவில் நிறுவ முயன்ற பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749 ஆம் ஆண்டில் அதுபற்றி நூல் எழுதினார்.

முட்டையினும் குஞ்சு தொலைதூரம் செல்ல வல்லது என்பது பின்னர்த் தெரியவந்தது. பொரிப்பதற்குச் சற்று முன்னர் முட்டையின் மஞ்சட்கருவின் எச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் ஈர்க்கப்படுகின்றது. கட்டுச்சோறு போன்ற அந்த உணவைக் கொண்டு குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனும் நீருமின்றி உயிர்தரிக்கும். தாய்க்கோழி முதலிற் பொரித்த குஞ்சுடன் எழுந்து செல்லாமல், கடைசிக் குஞ்சு பொரிக்கும்வரை அமர்ந்திருப்பதற்கு இயற்கை அளித்த வசதி அது. மனிதன் அவ்வசதியை வணிகத்துக்குப் பயன்படுத்தினான். 1892 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து சிக்காகோவுக்கு ஒரு நாட் குஞ்சுகள் புகையிரதத்தில் அனுப்பப்பட்டன. 1918 ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல் துறை குஞ்சுப் பெட்டிகளை ஏற்றது. பின்னர் வானூர்திகள் பெருகவே, கடல்கடந்த நாடுகளுக்கும் ஒரு நாட் குஞ்சு செல்லும் வழி திறந்தது. வந்து சேர்ந்த குஞ்சை அன்புடன் வரவேற்றல் கடன். முதலிலே அலகை நீரில் தோய்த்துக் குடிக்கப் பழக்கி, பின்பே தீன் இட வேண்டும். முதல் வாரம் 32 முதல் 35 பாகை வெப்பமும், வாரந்தோறும் மூன்று பாகையளவு குறைவும் வேண்டும். மலைநாட்டின் குளிரிரவில் இதைத் தவறவிட்டவர் விடியலிலே ஒன்றன்மேலொன்றாய்க் குவிந்து மடிந்த குஞ்சுகளையே காண்பர்.

இருபதாம் நூற்றாண்டில் அயலினக் கோழியை ஏழையின் முற்றத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சிகள் எழுந்தன. வட இந்தியாவின் எட்டா நகரில் சிலேற்றர் என்னும் பாதிரியார் நடத்திய பண்ணை புகழ்பெற்றது. தென்னாட்டிலே 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நிறுவிய கிராம மறுமலர்ச்சி நிலையம், வெள்ளை லெக்ஹோர்ன் கோழிகளைப் பரப்பியதோடு, முட்டைகளைக் கூட்டுறவாகச் சந்தைக்கு அனுப்பவும் மக்களைப் பழக்கிற்று. இலங்கையிலும் அரசாங்கப் பண்ணைகள் வெள்ளை லெக்ஹோர்ன், றோட் ஐலன்ட் றெட் முதலிய இனங்களை வளர்த்து, முட்டையும் குஞ்சும் சேவலும் கிராமத்தாருக்கு வழங்கின. பேராதனை, கன்னொறுவை, குண்டசாலை ஆகியன இவ்வறிவு பரவிய இடங்கள். 1978 ஆம் ஆண்டில் விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் தனியே நிறுவப்பட்டது. அதன் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் குண்டசாலையை அடுத்த கரந்தகொல்லையில் உள்ளது.

இங்கே ஓர் உண்மையை நேயர்கள் உற்றுநோக்குதல் வேண்டும். பண்ணையிலிருந்து முட்டை பெற்ற கிராமத்துப் பெண்ணிடம் அடைகாக்கும் பொறி ஏது? ஊர்க்கோழியின் கீழேயே அவள் அம்முட்டைகளை வைத்தாள். லெக்ஹோர்ன் இனமோ அடைகாக்கும் இயல்பை இழந்த இனம். அடையமர்ந்த கோழி முட்டையிடுவதில்லை. ஆதலின் மிகுதியாக முட்டை வேண்டிய வளர்ப்போர், அடையில் அமராத பேடுகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். எனவே தன் முட்டையைத் தான் பொரிக்க மாட்டாத இனத்துக்கு ஊர்க்கோழியே செவிலித்தாயாயிற்று. எந்த இனம் தன் இடத்தைப் பற்றிக்கொள்ள வந்ததோ, அந்த இனத்தின் குஞ்சுகளையே தன் சிறகினுள் வைத்து அது வளர்த்தது.

விளைவு இருவகைப்பட்டது. ஊர்க்கோழி ஆண்டில் மூன்று நான்கு ஈடுகளே இடும். இன்றைய பண்ணைக்கோழியோ ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகின்றது. முட்டை ஏழையின் உணவானது இதனாலேயே. இந்நன்மையை மறுத்தல் நன்றியின்மையாகும். மற்றொரு புறம், கலப்பிற் பிறந்த பேடுகளுட் பல அடைகாக்க மறந்தன. அடைகாக்கும் பேடு அற்ற வீட்டில் கோழிக்குலம் தானே பெருகாது; ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிய குஞ்சுக்குத் தீனும் மருந்தும் வாங்க வேண்டும். முற்றத்துச் செல்வம் கடைச்சரக்காயிற்று.

நோயும் பயணத்தோடு பயணம் செய்தது. 1926 ஆம் ஆண்டில் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் தோன்றிய கொள்ளைநோய், பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் இனங்காணப்பட்டு, நம் நாடுகளில் அவ்வூரின் பெயராலேயே வழங்கலாயிற்று. ஓரிரு நாளில் ஊரின் கோழிகளையெல்லாம் வாரிச்செல்லும் கொடுமை அதற்குண்டு. 1940களில் இந்தியாவின் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய தடுப்பூசி பெருந்துணை செய்தது. புல்லோரம் என்னும் மற்றொரு நோய் தாயிடமிருந்து முட்டைவழியே குஞ்சுக்குச் செல்வது. ஆகவே அடைமுட்டை வாங்குவோர் முட்டையை மட்டுமல்ல, அதனை இட்ட மந்தையின் உடல்நலத்தையும் விசாரித்து வாங்குதல் கடமையாம்.

பழைய இனங்களைக் காக்க வேண்டும் என்னும் உணர்வு உலகில் தோன்றி அரை நூற்றாண்டு ஆகின்றது. 1973 ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலும் 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இதற்கெனச் சங்கங்கள் அமைந்தன. 2007 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகரிலே பல நாடுகள் கூடிக் கால்நடை இனங்களைக் காப்பதற்கு உலகத் திட்டம் ஒன்றை ஏற்றன. இந்தியாவில் கருங்கோழியாகிய கடக்நாத் 2018 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் கோழியைக் காத்தல் நெல்லைக் காத்தல் போன்றதன்று. பழைய நெல்லின் விதையை உலர்த்திக் குளிரறையில் பல்லாண்டு வைத்திருக்கலாம். முட்டையை உறையவைத்துப் பின் பொரிக்கச் செய்ய இயலாது. உயிரணுக்களை உறைநிலையிற் காக்கும் முறைகள் ஆய்வுக்கூடங்களில் உருவாகியுள்ளன எனினும், அவை கிராமத்து முற்றத்துக்கு எட்டுவனவல்ல. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் முட்டையை அடைவைத்தால்தான் இனம் அடுத்த ஆண்டைக் காணும். ஓர் ஊரில் அடைவைப்பார் எவருமில்லாமற் போனால், அவ்வூரின் கோழியினம் சில ஆண்டுகளில் ஓசையின்றி மறைந்துவிடும்.

முட்டையை அனுப்புதலும் குஞ்சைத் தருவித்தலும் பகைக்கத்தக்க செயல்களல்ல. ஊர்க்கோழியின் இடத்தைச் சுருக்கிய அதே வழிகளால் அதனை மீண்டும் பரப்பவும் இயலும். ஓர் ஊரில் அருகிய கழுத்திறகில்லாக் கோழி மற்றோர் ஊரில் மிகுந்திருக்கக்கூடும். ஒரு கூடை முட்டையும், உமியும், ஒருநாட் பயணமும், மறுமுனையிற் காத்திருக்கும் ஓர் அடைக்கோழியும் இருந்தால் அவ்வினம் இடம்பெயர்ந்து வாழும். இவற்றுள் கூடையும் உமியும் எங்கும் கிடைக்கும். பயணம் இன்று எளிதாகிவிட்டது. அடைக்கோழியே அரிய பொருள். ஆதலின் பல்லேகலவிலும் அதனையொத்த ஊர்களிலும் ஒரு பேடு ஈடு முடிந்து கூட்டிலே அமருமாயின், முட்டை இழப்பாகின்றதே என்று அதனை நீரில் நனைத்து எழுப்பிவிடாமல், பத்து முட்டைகளை அதன்கீழ் வைத்து இருபத்தொரு நாள் பொறுத்திருப்பது நன்று.